ஜெர்மனியில் கார் ஓட்டுவது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனி போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்க்க மூன்று மாத விசாவில் போகும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறோம்.

பலரும் சாலையின் வலது பக்கம் ஓட்டுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அது சீக்கிரம் பழகிவிடும். நம் ஊரில் யார் முதலில் போவது என்பதை ஹாரனும், கண்ஜாடையும், வண்டியின் பருமனும் முடிவு செய்கின்றன. அங்கே அதைச் சட்டம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. முன்னுரிமை உள்ளவர் வேகத்தைக் குறைக்காமலே வருவார், நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி வருவார். பழகுவதற்குக் கடினமானது இதுதான். அதனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் நீளமாகவே இருக்கும்.

நம்ம ஊர் லைசென்ஸ் அங்க செல்லுமுங்களா?

செல்லும், ஆனால் காலவரம்பு உண்டு. சுற்றிப் பார்க்கவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போகிறவர்கள் தங்கியிருக்கும் வரை ஓட்டலாம். படிக்கவோ வேலைக்கோ போய் அங்கே குடியிருக்கத் தொடங்கினால் அன்றிலிருந்து ஆறு மாதம் மட்டும். மொத்தத் தங்கலே பன்னிரண்டு மாதத்துக்குள் முடியும் என்று நிரூபித்தால் இன்னும் ஆறு மாதம் நீட்டித் தருவார்கள்.

எல்.எல்.ஆர். செல்லாது. டூவீலர் மட்டும் ஓட்டும் உரிமம் வைத்திருந்தால் கார் ஓட்ட முடியாது. கார் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் உரிமம் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே விசா வந்த பிறகு உரிமத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

இன்டர்நேஷனல் லைசென்ஸ் எங்க வாங்கறது? அது மட்டும் இருந்தா போதுமா?

உங்கள் உரிமம் பதிவாகியிருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அதாவது சேலம் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று எது உங்களுடையதோ அங்கே. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட், விசா, உரிமம் இவற்றின் நகல்களைக் கொடுக்க வேண்டும். கட்டணம் 1000 ரூபாய். ஓராண்டு செல்லும், அதற்கு முன்பே உங்கள் உரிமம் காலாவதியானால் அன்றோடு இதுவும் முடிந்துவிடும்.

அது மட்டும் போதாது. உங்கள் உரிமத்தில் இருப்பதைப் பல மொழிகளில் சொல்லும் புத்தகம்தான் அது. அசல் உரிமம் பக்கத்தில் இல்லாவிட்டால் மதிப்பில்லை. இதோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. அங்குள்ள ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தில் செய்து தருவார்கள். போலீஸ் நிறுத்தினால் அசல், சர்வதேச அனுமதி, மொழிபெயர்ப்பு மூன்றையும் நீட்டிவிடலாம்.

ஆறு மாசம் முடிஞ்சா என்ன பண்றது? நேரா மாத்திக் குடுத்துருவாங்களா?

மாட்டார்கள். நேரடியாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு உள்ள கட்டாய வகுப்புகள் மட்டும் உங்களுக்கு இல்லை. கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று, புகைப்படம், மொழிபெயர்ப்போடு உரிமம் எல்லாம் கேட்பார்கள்.

எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். தவறுக்குத் தகுந்தபடி பிழைப் புள்ளிகள் சேரும். 10 புள்ளி வரை தேர்ச்சி. ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினாலே தோல்வி. ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் முடியாது. ஓட்டும் தேர்வு மொத்தம் 55 நிமிடம். ஓட்டுநர் பள்ளியின் காரில், பள்ளி ஆசிரியர் பக்கத்தில் உட்கார, தேர்வாளர் பின்னால் இருந்து ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்ல ஓட்ட வேண்டும். பத்து வருடம் சேலத்தில் ஓட்டியவர்களும் முதல் முறை தோற்கக் காரணம் ஓட்டத் தெரியாதது அல்ல. திரும்பும் முன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்காதது, ஸ்டாப் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காதது, வலப்பக்கத் தெருவைப் பார்க்காமல் கடந்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏழெட்டு வகுப்பாவது பணம் கட்டிப் போய்விடுங்கள். ஒரு தேர்வில் தோற்று மறுபடி கட்டுவதைவிட அது மலிவு. ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதினால் கியர் வண்டி ஓட்ட முடியாது என்ற குறிப்பு உரிமத்தில் விழலாம் என்பதையும் பள்ளியில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ரைட் சைடு ஓட்டறதுதான் பயமா இருக்கு. எப்படிப் பழகறது?

ஒரு விதியை மனதில் வைத்தால் போதும்: நீங்கள் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம், நடுக்கோடும் வலது பக்கம். அங்கே ஓட்டுநர் இடது பக்கம், நடுக்கோடும் இடது பக்கம். நடுக்கோடு உங்கள் தோளுக்கு அருகில் இல்லாமல் பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் தெரிந்தால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

முன்னால் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் தவறு செய்வதில்லை, அவற்றைப் பின்தொடர்ந்துவிடுவார்கள். தவறு நடப்பது ஆளில்லாத நேரத்தில். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, விடியற்காலைக் காலிச் சாலையில், ஒருவழித் தெருவிலிருந்து இடது பக்கம் திரும்பும்போது. அந்த மூன்று இடத்திலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வாய்விட்டு "வலது பக்கம்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று: புதிதாக ஓட்டுகிறவர்கள் எதிர்வண்டிக்குப் பயந்து வலது ஓரத்தை உரசிக்கொண்டே போவார்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடி உடைவது அப்படித்தான். வலப்பக்கக் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள்.

இண்டிகேட்டர் போடப் போனா வைப்பர் ஆடுதுங்கறாங்களே?

ஆடும். அங்கே இண்டிகேட்டர் தண்டு இடது கையில், வைப்பர் வலது கையில், கியரும் வலது கையில். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் வரிசை மட்டும் மாறாது. இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா ஓட்டியவர்களுக்கு இடது கை இண்டிகேட்டர் ஏற்கெனவே பழக்கம்.

சிக்னலும் இல்ல, போர்டும் இல்ல. நாலு ரோடு சேருது. யார் முதல்ல போகணும்?

வலது பக்கத்திலிருந்து வருகிறவர். இதை அங்கே "ரெக்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்" என்பார்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் குறுக்குத் தெருக்களைப் போன்ற குடியிருப்புப் பகுதிகளில், முக்கியமாக 30 கி.மீ. மண்டலங்களில், பெரும்பாலான சந்திப்புகள் இப்படித்தான். உங்கள் சாலை அகலமாக இருக்கலாம், வலப்பக்கத் தெரு சின்னச் சந்தாக இருக்கலாம், அதிலிருந்து வருவது சைக்கிளாகக்கூட இருக்கலாம். முன்னுரிமை அதற்குத்தான். அதனால் ஒவ்வொரு வலப்பக்கத் தெரு முனையிலும் வேகத்தைக் குறைத்து, பிரேக்கில் கால் வைத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். இடப்பக்கம் இருந்து வருகிறவர் உங்களுக்காக நிற்க வேண்டும். அவருக்கு இதே பாடம்.

இது நமக்குப் புதிய சட்டமே அல்ல. பிரதானச் சாலை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதிகளிலும் இருக்கிறது. இங்கே யாரும் அதை வைத்து ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். செவ்வாய்பேட்டைக்குள் வண்டியின் மூக்கை முதலில் நீட்டியவருக்கு வழி கிடைக்கும். ஜெர்மனியில் மூக்கை நீட்டினால் வலப்பக்கம் இருந்து வருகிறவர் இடித்துவிடுவார், பொறுப்பும் உங்கள் மேல் விழும்.

சில இடங்களுக்கு விலக்கு உண்டு. வீட்டு வாசல், பார்க்கிங், பெட்ரோல் பங்க், வயல் மண்பாதை, தாழ்த்தப்பட்ட நடைமேடை விளிம்பைத் தாண்டி வரும் வழி, குழந்தை பந்து விளையாடும் படம் போட்ட நீலப் பலகையுள்ள தெரு ஆகியவற்றிலிருந்து வெளியே வருகிறவர் வலப்பக்கம் இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்து நின்றுவிட்டால் யாராவது ஒருவர் கை காட்டி இன்னொருவரை அனுப்புவார். அங்கே மட்டும் நம் ஊர்க் கண்ஜாடை உதவும்.

அப்போ மெயின் ரோடுல போனாலும் ஒவ்வொரு சந்துக்கும் நிக்கணுமா?

வேண்டியதில்லை. வெள்ளை விளிம்புக்குள் மஞ்சள் நிறத்தில் சாய்சதுரப் பலகை இருந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே பலகை மேல் கோடு போட்டு வரும் வரை எல்லாச் சந்திப்பிலும் உங்களுக்கே வழி. சிவப்பு முக்கோணத்துக்குள் தடித்த அம்புக்குறியைக் குறுக்குக்கோடு ஒன்று வெட்டினால் அடுத்த ஒரு சந்திப்பில் மட்டும் முன்னுரிமை. தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிட வேண்டும். எண்கோண ஸ்டாப் பலகை என்றால், யாருமே வராவிட்டாலும் கோட்டில் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும்.

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்னுரிமைச் சாலை சந்திப்பில் வளைந்து போகும். பலகைக்குக் கீழே சின்னப் படத்தில் தடித்த கோடு அந்த வளைவைக் காட்டும். அந்த வளைவோடு போகிறவர் சாலையை மாற்றாவிட்டாலும் இண்டிகேட்டர் போட வேண்டும். நேராகப் போகிறவர் முன்னுரிமைச் சாலையை விட்டு வெளியேறுகிறார், அவருக்கு இண்டிகேட்டர் கிடையாது.

போலீஸ்காரர் கை காட்டினால் சிக்னலை மறந்துவிடுங்கள். சிக்னல் எரிந்தால் பலகையை மறந்துவிடுங்கள். பலகை இருந்தால் வலப்பக்க விதி இல்லை. வரிசை இதுதான்.

ஃப்ரீ லெஃப்ட் மாதிரி அங்க ஃப்ரீ ரைட் உண்டா?

பொதுவாகக் கிடையாது. சிவப்பு என்றால் எல்லாத் திசைக்கும் சிவப்பு. சிக்னலுக்குப் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் பச்சை அம்பு வரைந்திருந்தால் மட்டும், முதலில் கோட்டில் முழுதாக நின்று, நடப்பவர், சைக்கிள், கார் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம். நிற்காமல் திரும்பினால் அதுவும் குற்றம்.

சிக்னலில் இன்னும் இரண்டு வித்தியாசம். பச்சை வரும் முன் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். அப்போது கியர் போடலாம், நகரக் கூடாது. விளக்குக் கம்பம் சந்திப்புக்கு அந்தப் பக்கம் இல்லாமல், நிற்கும் கோட்டை ஒட்டியே இருக்கும். ஐந்து ரோட்டில் நிற்பதைப் போலக் கோட்டைத் தாண்டி நின்றால் எப்போது பச்சை விழுந்தது என்றே உங்களுக்குத் தெரியாது.

ரவுண்டானா எப்படி?

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைக் கடிகாரத் திசையில் சுற்றுகிறோம். அங்கே எதிர்த் திசையில். நுழைவில் வட்ட நீலப் பலகையும் தலைகீழ் முக்கோணமும் சேர்ந்து இருக்கும், அப்படியென்றால் உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை. நுழையும்போது இண்டிகேட்டர் போடக் கூடாது, வெளியேறும்போது வலது இண்டிகேட்டர் கட்டாயம். நுழையும்போதே போட்டுவிட்டால் காத்திருப்பவர் நீங்கள் முதல் வழியிலேயே போய்விடுவீர்கள் என்று நம்பி உள்ளே வந்துவிடுவார்.

ஸ்பீடு போர்டே காணோம். எவ்வளவு வேகத்துல போறது?

ஊர்ப்பெயர்ப் பலகைதான் வேகப் பலகை. மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் வந்ததும் 50 கி.மீ. தொடங்கிவிடும், தனியாக எண் இருக்காது. அதே பலகையில் பெயர் மேல் சிவப்புக் கோடு வந்தால் ஊர் முடிந்தது, இனி கார்களுக்கு 100. குழந்தை படம் போட்ட நீலப் பலகைத் தெருவில் நடக்கும் வேகம் மட்டும்.

கேமராக்கள் ஊர் எல்லை தாண்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கலாம். பலகையைக் கண்ட பிறகு மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பலகையைத் தொடும்போதே 50 இருக்க வேண்டும்.

ஆட்டோபான்ல எவ்வளவு வேகமா வேணா போலாமாமே?

ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் மட்டும். அங்கேயும் பரிந்துரை வேகம் 130. அதைத் தாண்டி ஓட்டி விபத்தானால், தவறு மற்றவர் மேல் இருந்தாலும் உங்களுக்கும் பங்கு வைக்க வாய்ப்புண்டு. ஊர்களை ஒட்டியும் வேலை நடக்கும் இடங்களிலும் 80, 100, 120 என்று வரம்பு இருக்கும்.

வேகத்தைவிட முக்கியம் தடம். வலது தடத்தில் போக வேண்டும். முந்துவதற்கு மட்டும் இடது. முந்தியதும் மறுபடி வலது. சேலம் - பெங்களூரு சாலையில் லாரிகள் வலது தடத்தையே பிடித்துக்கொண்டு போவதும், கார்கள் இடப்பக்கம் நுழைந்து முந்துவதும் நமக்குச் சகஜம். அங்கே வலப்பக்கம் நுழைந்து முந்துவது குற்றம். ஒரே விலக்கு நெரிசல். இடது தடம் 60 கி.மீ. அல்லது அதற்குக் கீழே ஊர்ந்தால், வலது தடத்தில் இருப்பவர் அதைவிட 20 கி.மீ. மட்டும் கூடுதலாகப் போய் கடக்கலாம்.

இடது தடத்துக்கு மாறும் முன் கண்ணாடியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பின்னால் சின்னப் புள்ளியாகத் தெரியும் கார் 200 கி.மீ. வேகத்தில் வந்தால் நொடிக்கு 55 மீட்டர் ஓடுகிறது. ஒருமுறை பார்த்து, ஒரு நொடி விட்டு மறுமுறை பாருங்கள். புள்ளி பெரிதாகியிருந்தால் அவர் போகட்டும்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி, வேகமானியின் எண்ணில் பாதி மீட்டர். 100 என்றால் 50 மீட்டர். சாலையோர வெள்ளைக் கம்பங்கள் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நட்டிருப்பதால் அளவெடுப்பது சுலபம். நுழையும்போது, சேரும் தடம் முழுவதையும் வேகம் எடுக்கப் பயன்படுத்தி, ஓடும் வண்டிகளின் வேகத்துக்கு வந்து சேர வேண்டும். சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுவதைப் போல முனையில் நின்று எட்டிப் பார்ப்பது அங்கே மிக ஆபத்தான பழக்கம். நிறுத்துவது, பின்னால் எடுப்பது, யூ டர்ன் எதுவும் கூடாது. வழி தவறினால் அடுத்த வெளியேறும் வழி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். பெட்ரோல் தீர்ந்து நின்றால்கூட அது உங்கள் கவனக்குறைவு, அபராதம் உண்டு.

ஹாரன் அடிக்கலாமா? எதிர்ல வர்றவர் லைட் அடிச்சா என்ன அர்த்தம்?

ஹாரன் ஆபத்து நேரத்துக்கு மட்டும். ஊருக்கு வெளியே முந்தப் போவதைத் தெரிவிக்கவும் அனுமதி உண்டு, ஆனால் அதிகம் யாரும் அடிப்பதில்லை. பச்சை விழுந்ததும் முன் காரை ஹாரனால் தள்ளுவது அங்கே சண்டைக்கு இழுப்பதற்குச் சமம்.

லைட் விஷயம் இதைவிடக் கவனிக்க வேண்டியது. எதிரே வருகிறவர் நம் ஊரில் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். ஜெர்மனியில் சந்திப்பில் லைட் அடித்தால் பெரும்பாலும் "நீ போ, நான் நிற்கிறேன்". ஆகவே நீங்கள் சேலத்துப் பழக்கத்தில் லைட் அடித்துக்கொண்டே போனால் எதிரில் உள்ளவர் உங்களை நம்பி முன்னால் திரும்பிவிடுவார். அடிக்காமல் இருப்பதே நல்லது. உங்களுக்கு யாராவது அடித்தாலும், அவர் நிஜமாகவே மெதுவாகிறாரா என்று பார்த்த பிறகே நகருங்கள்.

டிராஃபிக் ஜாம்ல எல்லாரும் ரெண்டு பக்கமா ஒதுங்கி நிக்கிறாங்களே, ஏன்?

ஆம்புலன்சுக்கு வழி. ஆட்டோபானிலும், ஊருக்கு வெளியே ஒரு திசைக்கு இரண்டு தடமாவது உள்ள சாலையிலும், வண்டிகள் நடக்கும் வேகத்துக்கு இறங்கியதுமே இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடது ஓரத்துக்கும், மற்ற எல்லாத் தடத்தில் இருப்பவர்களும் வலது பக்கமும் ஒதுங்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவதல்ல இது. எல்லோரும் நெருங்கி நின்ற பிறகு ஒதுங்க இடமே இருக்காது என்பதால்தான் முன்கூட்டியே செய்கிறார்கள். இரண்டு தடம், மூன்று தடம், நான்கு தடம் எதுவானாலும் வழி இடக்கோடித் தடத்துக்கும் அதற்கடுத்த தடத்துக்கும் நடுவில்தான்.

செய்யாவிட்டால் 200 யூரோ, இரண்டு தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. ஆம்புலன்ஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்த வழியிலேயே போவது நம் ஊரில் தினம் காண்கிற காட்சி. அங்கே அதற்குத் தண்டனை இன்னும் கடுமை.

ரோடு சுருங்குது, ஒரு லேன் முடியுது. வரிசையில முன்னாடி போய் நுழையறது தப்பில்லையா?

தப்பில்லை, அதுதான் விதி. முடியும் தடத்தில் கடைசி வரை போய், அங்கே ஒருவர் விட்டு ஒருவராக ஜிப் போலச் சேர வேண்டும். நல்லெண்ணத்தில் முன்கூட்டியே சேர நின்றால் பின்னால் இருப்பவர்களை வீணாக நிறுத்துகிறீர்கள்.

நடந்து போறவங்களுக்கும் சைக்கிளுக்கும் எப்போ நிக்கணும்?

வரிக்குதிரைக் கோட்டில் ஒருவர் கடக்கப் போகிறார் என்று தெரிந்தாலே நிற்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் காரை அங்கே முந்தக் கூடாது. அபராதம் 80 யூரோவும் ஒரு புள்ளியும்.

அதைவிட மறப்பது திரும்பும்போது. உங்களுக்குப் பச்சை, நீங்கள் நுழையும் தெருவைக் கடக்கும் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் அதே நேரம் பச்சை. அவர்களுக்குத்தான் முன்னுரிமை. வலது பக்கம் திரும்பும் முன் வலத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிச் சைக்கிள் தடத்தைப் பார்ப்பது கட்டாயம், கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. சிறுவர்கள் நடைமேடையிலேயே சைக்கிள் ஓட்டுவார்கள், அதையும் பாருங்கள். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி. அந்த அளவு இடம் இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

நிறுத்தத்துக்கு வரும் பேருந்து நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டால் அதை முந்தக் கூடாது. நின்ற பிறகு நடக்கும் வேகத்தில் கடக்கலாம், எதிர்த் திசையில் வருகிறவரும் அதே வேகத்தில்தான்.

கண்ணாடிக்கு உள்ள நீலக் கலர் அட்டை வைக்கிறாங்களே, அது என்ன?

பார்க்கிங் கடிகாரம். பலகையில் அந்தப் படமும், இத்தனை மணி நேரம் என்றும் இருந்தால் காசில்லாமல் நிறுத்தலாம். வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியைக் காட்ட வேண்டும். 10.05க்கு வந்தால் 10.30. அதை எடுத்து மறுபடி மறுபடி திருகி வைப்பது கூடாது.

வண்டியை விட்டு இறங்கிப் போனாலோ மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ அது பார்க்கிங். நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு என்றால் பார்க்கிங் கூடாது. பெருக்கல் குறி என்றால் நிற்கவே கூடாது. சந்திப்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் நிறுத்தாதீர்கள். போகும் திசையில் வலது ஓரம்தான், எதிர்த் திசை பார்த்து நிறுத்தவும் முடியாது. பல நகர மையங்களுக்குள் நுழைய, புகை குறைவான வண்டி என்று காட்டும் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். நண்பரின் பழைய காரை வாங்கி ஓட்டுகிறவர்கள் முதலில் கண்ணாடியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்தியிருந்த கார்ல லேசா உரசிட்டேன். சீட்டு எழுதி வைப்பர்ல சொருகிட்டு வந்தா போதும்ல?

போதாது. இந்த ஒரு பதிலை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு சொருகிவிட்டுப் போவது சட்டப்படி விபத்திலிருந்து ஓடியதாகவே கருதப்படும், அது அபராதத்தோடு முடியும் தவறல்ல, குற்ற வழக்கு. விசா நீட்டிப்பு வரை தொல்லை தரலாம். கீறல் சின்னதா பெரிதா என்பது பேச்சில்லை.

உரிமையாளருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். வரவில்லையென்றால் 110க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். போலீஸ் வந்து குறித்துக்கொள்வார்கள், பணம் காப்பீடு கொடுக்கும். வாடகைக் கார் என்றால் நிறுவனத்துக்கும் உடனே சொல்லிவிடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 112. காரில் எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேல்சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் இருக்க வேண்டும் என்பதால், வாடகைக் காரை எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஃபைன் எவ்வளவு வரும்? புள்ளி புள்ளின்னு சொல்றீங்களே, அது என்ன?

ஊருக்குள் 10 கி.மீ. வரை கூடுதல் என்றால் 30 யூரோ, 16 முதல் 20 வரை 70. இருபத்தொன்றிலிருந்து 115 யூரோவோடு ஒரு புள்ளி. முப்பத்தொன்றிலிருந்து 260 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. கேமரா காட்டிய வேகத்தில் நூறுக்குக் கீழே 3 கி.மீ., மேலே 3 சதவீதம் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். சிவப்பைத் தாண்டினால் 90 யூரோ, ஒரு புள்ளி. சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் என்றால் 200, இரண்டு புள்ளி, ஒரு மாதத் தடை. கையில் செல்போன் இருந்தால் 100, ஒரு புள்ளி.

புள்ளிகள் ஃபிளென்ஸ்புர்க் நகரத்தில் உள்ள மையப் பதிவேட்டில் ஏறும். எட்டு சேர்ந்தால் உரிமம் போய்விடும். வாடகைக் காரில் ஓட்டினால் கடிதம் முதலில் நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள்.

ஒரு பீர் குடிச்சா ஓட்டலாம்ங்கறாங்களே?

வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். ஆனால் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் புதிய உரிமத்தின் இரண்டு வருடச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் பூஜ்யம். விபத்து நடந்தால் 0.3 இருந்தாலே குற்ற வழக்காகலாம். குடித்தால் ரயிலில் போங்கள்.

பேரனை மடியில வச்சுக்கிட்டு முன்னாடி உக்காரலாமா?

கூடாது. 12 வயதுக்குக் குறைந்த, 150 செ.மீ. உயரத்துக்கும் குறைந்த எந்தக் குழந்தைக்கும் அளவுக்கேற்ற குழந்தை இருக்கை வேண்டும். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிடித்தால் ஓட்டுநருக்கு 60 யூரோவும் ஒரு புள்ளியும். பின்னிருக்கையில் உள்ள பாட்டி தாத்தாவும் பெல்ட் போட வேண்டும்.

ஏற்காடு பனியிலயே ஓட்டியிருக்கோம். அங்க குளிர்காலம் என்ன பெரிய விஷயமா?

ஏற்காட்டில் பார்ப்பது மூடுபனி. அங்கே மூடுபனியோடு தரையும் உறையும். காலையில் பாலத்தின் மேலும் காட்டுக்குள்ளும் சாலை ஈரமாக இருப்பது போலத் தெரியும், மெல்லிய பனிக்கட்டியாக இருக்கும். அதில் பிரேக்கைச் சட்டென்று மிதித்தாலும் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் கார் வழுக்கும். பனி, உறைபனி உள்ள சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், மலையும் பனித்துகளும் வரைந்த குறி டயரில் இருக்க வேண்டும். வழக்கமாக அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவார்கள். கண்ணாடி முழுவதையும் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை மட்டும் சுரண்டினால் அபராதம்.

மூடுபனியில் நம் மலையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். அங்கே அது தவறு. நின்ற வண்டி என்று பின்னால் வருகிறவர் நினைப்பார். லோ பீம் போட வேண்டும். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது மட்டும் பின்பக்கப் பனி விளக்கைப் போடலாம், அப்போது வேகமும் 50க்கு மேல் கூடாது. சாலையோரக் கம்பம் ஒன்றிலிருந்து அடுத்தது தெரிகிறதா என்று பார்த்தால் அளவு கிடைத்துவிடும்.

மலைப்பாதைப் பழக்கத்தில் ஒன்று அப்படியே உதவும். கோரிமேடு அடிவாரம் வரை இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குகிறவர்களுக்கு ஆல்ப்ஸ் மலையோ கறுப்புக் காடு என்ற மலைப்பகுதியோ புதிதாக இருக்காது.

போறதுக்கு முன்னாடி சேலத்துலயே என்ன பழகிக்கலாம்?

வலது பக்கம் ஓட்டுவதை இங்கே பழக முடியாது, முயலவும் வேண்டாம். மற்றவை முடியும். கொண்டலாம்பட்டி பைபாஸில் தடம் மாறும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை என்று வரிசையாகச் செய்யுங்கள். அழகாபுரம் தெருக்களில் ஒவ்வொரு வலப்பக்கச் சந்தையும் பார்த்துக் கடக்கப் பழகுங்கள். சிக்னலில் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஹாரனைத் தொடாமல் வீடு சேர முயன்று பாருங்கள்; கை எத்தனை முறை தானாகப் போகிறது என்று தெரியும். தொப்பூர் கணவாய் போன்ற இடத்தில் இவற்றைப் பரிசோதிக்க வேண்டாம், அங்கே லாரிகளைக் கவனிப்பதே முழு வேலை.

லீவுக்கு ஊருக்கு வந்து ஏற்காடு ஏறும்போது அந்தப் பழக்கத்துலயே ஓட்டலாமா?

இடைவெளி, இண்டிகேட்டர், பெல்ட் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவாருங்கள். முன்னுரிமையை நம்பும் பழக்கத்தை மட்டும் விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். வரிக்குதிரைக் கோட்டில் திடீரென்று நின்றால் பின்னால் வரும் பேருந்து அதை எதிர்பார்த்திருக்காது. கண்ணாடியில் பார்த்து, முன்கூட்டியே மெதுவாகி நில்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், எதிர்வண்டிக்குக் காது மட்டும்தான் கண். குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது நம் சாலை விதி. எதிரே வரும் லைட் இங்கே பழையபடி "நான் வருகிறேன்" என்றுதான் சொல்லும். முதல் இரண்டு நாள் வீட்டைச் சுற்றி ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் மலை ஏறுங்கள்.